எட்டாவது பெட்டி

அந்த மாலைப் பத்திரிகையில் அவருக்குப் பெயர் பிஷப். தாய் தகப்பன் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டோடு சரி. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்பு, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே, பெரிய வெள்ளிக்கு லீவு கேட்டார். அப்போதைய செய்தி ஆசிரியர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஆபீசில் ஒரு பிஷப் இருப்பதும் நல்லதுதான் என்றார். அன்றைக்கு ஒட்டிய பெயர், கழுவினாலும் போகவில்லை.

துணை ஆசிரியர் வேலை. அடுத்தவர் எழுதியதைச் சுருக்குவது, தலைப்புப் போடுவது, ஜோசியர் விடுமுறையில் போனால் ராசிபலனையும் எழுதிவிடுவது. ராசிபலன் எழுதியதை, கோவில் சாமியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா என்று அவருக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். சொன்னால், சாமியார் தன் ராசிக்கு என்ன போட்டிருக்கிறது என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்து சொல்லாமலே இருந்துவிட்டார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பிரசங்கம் நீண்டால் மனசுக்குள் அதைப் பாதியாக வெட்டிப் பார்ப்பார். அவ்வளவுதான் அவருடைய பக்தி.

மீதி பக்தி முழுவதும் அவர் மனைவி பங்குக்குப் போயிருந்தது. அந்த அம்மாள் கோவிலில் மரியாயின் சேனை என்ற பக்தர் குழுவுக்குத் தலைவி. பொய் சொல்ல மாட்டார், சொன்ன சொல்லை மாற்ற மாட்டார். நாளைக்கு வருகிறேன் என்று தையல்காரரிடம் சொல்லிவிட்டால் காய்ச்சலோடும் போய் நிற்பார். அந்தக் கோவில் பங்கு மக்கள் எல்லோரும் அவரை மெச்சினார்கள். மெச்சியவர்கள் யாரும் அந்த வீட்டில் குடியிருக்கவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்பு அவர்களுடைய ஒரே மகள், கோவில் பக்கமே வராத ஒருவனைப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றாள். இனி இந்த வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று அம்மாள் சொன்னார். சொன்னது சொன்னதுதானே. கோபம் எப்போதோ ஆறிவிட்டது, சொல் மட்டும்தான் விறைத்துக்கொண்டு நிற்கிறது என்று பிஷப்புக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

மகள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வெள்ளிக்கிழமை தோறும் மத்தியானம் தன் மூக்குக்கண்ணாடியை இறுக்குவதற்காக பிஷப் அங்கே போய் வந்தார். நாலு வருஷமாக வாரம் ஒரு தடவை தளர்ந்துபோகும் கண்ணாடி உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கும். இப்போது அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. கிளம்ப இன்னும் பதினெட்டு நாள்தான். திரும்பி வருவது எப்போது என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அம்மா முகத்தைப் பார்க்காமலே போய்விடுவாள் என்பதுதான் ராத்திரி பகல் அவர் நெஞ்சை அரித்தது.

இந்தச் சமயத்தில்தான் போப் வருகிறார் என்று அறிவித்தார்கள்.

அறிவித்த நாளிலிருந்து பத்திரிகைகளுக்கும் டிவிகளுக்கும் சாமி வந்துவிட்டது. ஒரு சேனல் அவருடைய காரின் கண்ணாடி எத்தனை அங்குலம் என்று படம் போட்டுக் காட்டியது. இன்னொரு சேனலில், ஆயுளில் கோவில் வாசலைப் பார்த்திராத நாலு பேர் கத்தோலிக்கத்தின் எதிர்காலம் பற்றி ஒருவரையொருவர் பேசவிடாமல் பேசினார்கள். பிஷப்பின் பத்திரிகை மட்டும் சளைத்ததா? போப் காலையில் என்ன சூப் குடிப்பார் என்று முதல் பக்கத்தில் போட்டது. அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை, பிஷப்பைத் தவிர. அவரும் மெதுவாகத்தான் கேட்டார்.

பங்கிலோ வேறு காய்ச்சல். போப் பேசப்போகும் மேடைக்குப் பக்கத்தில் உட்கார அனுமதிச் சீட்டு நாற்பதுதான் வந்தது. அதில் பதினொன்று கோவில் கமிட்டித் தலைவரின் சொந்தக்காரர்களுக்குப் போய்விட்டது என்று பேச்சு. பாடகர் குழு இரண்டாக உடைந்தது. வரவேற்புப் பதாகையில் போப்பின் தலையைவிடக் கமிட்டித் தலைவரின் தலை பெரிதாக இருந்ததாக ஒருவர் ஸ்கேல் வைத்து அளந்து காட்டினார். அம்மாள் இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. போப்பின் கார் தங்கள் தெரு வழியாகத்தான் போகிறது, ஓரத்தில் நின்று பார்த்தால் போதும் என்று ஜெபமாலையை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஊர்வலம். பத்திரிகை அச்சுக்குப் போவது ஒன்றரை மணிக்கு. நாலு மணிக்குக் கடைகளில் தொங்கும். மூன்று மணிக்கு நடக்கப் போவதை ஒன்றரைக்கே நடந்ததாக எழுதுவது மாலைப் பத்திரிகைக்காரர்களுக்குக் கைவந்த கலை. விளையாட்டுப் போட்டியில் மட்டும்தான் கொஞ்சம் தயங்குவார்கள்.

ஆசிரியர் பிஷப்பைக் கூப்பிட்டார். கத்தோலிக்க மக்களின் பரவசம் என்று அரைப் பக்கம் வேண்டும், எட்டுப் பேர், எட்டுப் பெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு படம், நாலு வரி என்றார். நம் ஆட்கள் யாருக்கும் அந்த பாஷை வராது, உமக்குத்தான் வரும் என்று ஐஸ் வைத்தார்.

காலையில் பிஷப் தொலைபேசியில் உட்கார்ந்தார். முதல் ஆள் அனுமதிச் சீட்டைப் பற்றிப் பேசினார். இரண்டாவது ஆள் கார் நிறுத்த இடமில்லாததைப் பற்றி. பாடகர் குழுத் தலைவர், உடைந்துபோன பாதிக் குழுவைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். பரவசம் என்று எவரிடமும் ஒரு துளி கிடைக்கவில்லை. பிஷப் என்ன செய்வார்? பரவசத்தைத் தானே எழுதி, இப்படிப் போட்டுக்கொள்ளலாமா என்று திரும்பக் கூப்பிட்டுக் கேட்டார். எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம். பாடகர் குழுத் தலைவர் மட்டும், கண்ணீர் வந்ததாக இன்னொரு வரி சேர்க்க முடியுமா என்றார்.

எட்டாவது ஆள், பள்ளிக்கூடத்துத் தலைமைக் கன்னியாஸ்திரி. பார்த்த பிறகு சொல்கிறேன் என்றார் அவர். பிஷப்புக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. இப்படி ஒரு பதிலை அந்த ஆபீசில் யாரும் கேட்டதே கிடையாது.

மணி ஒன்று இருபது. ஏழு பெட்டி நிரம்பி, எட்டாவது வெள்ளையாகக் கிடந்தது. பக்கம் வடிவமைப்பவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு முறைத்தார். பிஷப் மனைவியைக் கூப்பிட்டார். அம்மாள் ஒன்பது மணியிலிருந்தே தெரு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார், கைப்பேசி வீட்டு மேஜைமேல் அடித்து ஓய்ந்தது. பங்கு மலருக்காக எடுத்த அவருடைய படம் கணினியில் இருந்தது. பிஷப் அதை எடுத்துப் பெட்டியில் போட்டார். பிறகு தட்டச்சு செய்தார். பெட்டியை நிரப்புகிறோம் என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விரல்களுக்கு வேறு யோசனை இருந்தது.

'எங்கள் தெரு வழியாகத் திருத்தந்தை போனபோது அவர் கை என் பக்கம் உயர்ந்தது. நாலு வருஷமாக என் மகள்மேல் இருந்த கோபம் அந்த நிமிஷமே போய்விட்டது. அவள் வீட்டுக்கு வரலாம்.'

அளந்து வைத்தது போல நாலு வரி. பக்கம் அச்சுக்குப் போனது. போன பிறகுதான் என்ன எழுதினோம் என்று அவர் மறுபடி எடுத்துப் படித்துப் பார்த்தார்.

மூன்று மணிக்கு, பாதுகாப்புக் காரணம் என்று சொல்லி ஊர்வலத்தை வேறு சாலைக்குத் திருப்பிவிட்டார்கள். ஆறு மணி நேரம் கால்கடுக்க நின்ற தெரு மொத்தமும் பார்த்தது இரண்டு மோட்டார் சைக்கிளையும் ஓர் ஆம்புலன்சையும்தான். சிலர் ஆம்புலன்சுக்குச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நாலு மணிக்கு அதே தெருவுக்குப் பத்திரிகை வந்தது. நின்றவர்கள் நின்ற இடத்திலேயே வாங்கி, போப் தங்களைக் கடந்து போன காட்சியைப் படித்துத் தெரிந்துகொண்டார்கள். எட்டாவது பெட்டியை அம்மாளுக்கு உரக்கப் படித்துக் காட்டியது அடுத்த வீட்டுக்காரி.

பிஷப் வீட்டுக்கு வந்தபோது அம்மாள் கூடத்தில் உட்கார்ந்து, வீங்கிய கால்களை வெந்நீர் வாளியில் வைத்திருந்தார். பத்திரிகை மடியில் இருந்தது.

"அவர் வரவே இல்ல" என்றார்.

"தெரியும்."

"நான் எதுவும் சொல்லவும் இல்ல."

பிஷப் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"கல்யாணமான இந்த முப்பத்தாறு வருஷத்துல என் வாயிலேர்ந்து ஒரு பொய் வந்ததில்ல. இன்னிக்கு என் போட்டோவோட வந்திருக்கு. திங்கக்கிழமை திருத்தம் போடணும்."

போடுகிறேன் என்றார் பிஷப். சற்று நேரத்தில் மகள் போனில் கூப்பிட்டாள். அவர் பின்கட்டுக்குப் போய் எடுத்தார்.

"அப்பா, அம்மா நெஜமாவே சொன்னாங்களா?"

பேப்பரில் வந்திருக்கிறதே என்று பட்டும் படாமலும் இழுத்தார். அவள் பத்திரிகைக்காரரின் மகள்.

"எத்தனை மணிக்கு சொன்னாங்க?"

பரவாயில்லை அப்பா, அம்மாவே கூப்பிட்டால் வருகிறேன் என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். பிஷப் அங்கேயே நின்று அழுதார். நல்லது செய்யப் போய் இருந்த கொஞ்ச நம்பிக்கையையும் கெடுத்துவிட்டோம் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் பிரசங்கத்தில் பத்திரிகையையே தூக்கிக் காட்டினார். இந்தப் பயணத்தின் கனி இதோ என்றார். ஊர்வலம் அந்தத் தெருவில் போகவில்லை என்பது அவருக்கும் தெரியும், கேட்டுக்கொண்டிருந்த அறுநூறு பேருக்கும் தெரியும். ஆனால் அச்சில் வந்துவிட்டதே. பூசை முடிந்ததும் பெண்கள் அம்மாளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி, அதைப் படித்துவிட்டு ஒன்பது வருஷமாகப் பேசாத தன் அண்ணனுக்குப் போன் செய்ததாகச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். அம்மாள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. முகமும் மாறவில்லை.

பிற்பகல் டிவிக்காரர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கை உயர்ந்த அந்தக் கணத்தில் உள்ளுக்குள் என்ன உணர்ந்தீர்கள் என்று மைக்கை நீட்டினார் ஒரு பெண். அதெல்லாம் என் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும், அவரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு அம்மாள் உள்ளே போய்விட்டார். கணவனை முன்னிறுத்தும் எளிமை என்று ராத்திரிச் செய்தியில் சொன்னார்கள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அம்மாள் பத்திரிகை ஆபீசுக்கு வந்தார். முப்பத்தொரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. படிக்கட்டு ஏறி வந்த மூச்சோடு நேராக ஆசிரியர் அறைக்குப் போனார். வழக்குப் போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து ஆசிரியரின் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியைத் தானே துடைத்துப் போட்டார். பிஷப்பையும் கூப்பிட்டனுப்பினார்.

பிஷப் திருத்தத்தை எழுதியே வைத்திருந்தார். மூன்று வாக்கியம். ஊர்வலம் அந்தத் தெரு வழியாகச் செல்லவில்லை. எட்டாவது பெட்டியில் உள்ளவர் கூறியதாக வெளியான கருத்து அவர் கூறியது அல்ல. தவறுக்கு வருந்துகிறோம். வேலை போனாலும் போகட்டும் என்று கீழே தன் பெயரையும், நிஜப் பெயரை, எழுதியிருந்தார்.

அம்மாள் வாங்கிப் படித்தார். அச்சுக்குப் போகும் பக்கத்தைச் சரிபார்த்து முத்திரை குத்துகிறவர் போல நிதானமாக, ஒரு எழுத்து விடாமல் படித்தார். ஆசிரியரின் மேஜையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து நடு வாக்கியத்தை ஒரே கோடாக அடித்தார். கீழே இருந்த பெயரையும் அடித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆசிரியருக்கு ஒன்றும் ஓடவில்லை. "அம்மா, அப்போ நீங்க சொன்னதா நாங்க போட்டது?"

"அவர் எங்க தெருவுல வரல. அதைத் திருத்துங்க."

"இல்ல, மத்தது..."

"மத்ததைத் திருத்தச் சொல்லி நான் கேட்டேனா?"

அம்மாள் மேஜைமேல் இருந்த தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார். மகளுடைய எண் வேண்டுமா என்று கேட்க பிஷப் வாயெடுத்தார். அதற்குள் அம்மாளின் விரல் பத்து எண்களையும் ஒன்றிலும் தடுமாறாமல் அழுத்தி முடித்திருந்தது. நாலு வருஷத்தில் எத்தனை தடவை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்திருப்பார் என்று பிஷப்புக்கு அப்போதுதான் உறைத்தது.

எதிர்முனையில் எடுத்துவிட்டார்கள்.

"அம்மா பேசறேன். சனிக்கிழமை பேப்பர் பாத்தியா? அதுல ஒரே ஒரு தப்பு இருக்கு. திருத்தந்தை நம்ம தெரு வழியா வரல."