பதினோராம் இடத்து நாற்காலி

இதைக் கதை என்று சொல்கிறவர்கள் என் முகத்துக்கு நேரே வந்து சொல்லட்டும். அந்த ஈரத்தை நான் என் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். வெர்னா டில்மன் என் பக்கத்து வீட்டுக்காரி. வாயாடி, சண்டைக்காரி, மூக்குக்கு மேல் கோபம், எல்லாம் உண்மைதான். ஆனால் அவளுக்குப் பொய் சொல்ல வராது. பொய் சொல்வதற்குக் கொஞ்சமாவது நிதானம் வேண்டும். அது அவளிடம் என்றைக்கும் இருந்ததில்லை.

அவள் கணவர் ராய்ஸுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சும் இரண்டு மூன்று வார்த்தைகளாகச் சுருங்கிவிட்டது. அதற்கு முன்பு ஒவ்வொரு கோடையிலும் பிக்அப் வண்டிக்குப் பின்னால் டிரெய்லர் வீட்டை மாட்டிக்கொண்டு இருவரும் ஆறு, ஏரி என்று கிளம்பிவிடுவார்கள். டாக்டர் கையை விரித்துவிட்டார். இந்த வருஷம் போய்வந்தால் சரி, அடுத்த வருஷத்தை நினைக்காதீர்கள் என்றார். ராய்ஸ் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஆறு. ஒரு தடவை. மீன்."

அந்த நாலு வார்த்தைக்காக வெர்னா குளிர்காலம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆர்கன்சா மலைப்பக்கத்துக் கேம்ப்புகளை அலசினாள். தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும். தரை மட்டமாக இருக்க வேண்டும். சக்கர நாற்காலி கரைவரை போக வேண்டும். எல்லாப் படங்களும் அழகுதான். எல்லாம் புளுகு!

வசந்தம் பிறந்ததும் கிளம்பினார்கள். முதல் கேம்ப்பில் 'ஏரியைப் பார்த்தபடி' என்று போட்டிருந்தார்கள். ஏரி வற்றி எங்கோ கிடந்தது. பார்த்தது சேற்றைத்தான். இரண்டாவது கேம்ப் ஆற்றங்கரையில் இருந்தது, ஆனால் ஒரே சரிவு. சக்கரத்துக்கடியில் எத்தனை பலகை கொடுத்தும் டிரெய்லர் மட்டத்துக்கு வரவில்லை. ராய்ஸின் சக்கர நாற்காலி தானாக உருண்டு போய்ப் பக்கத்து வண்டிக்காரனின் கறி சுடும் அடுப்பில் முட்டியது.

"படம் எடுத்த படுபாவி கேமராவைச் சாய்ச்சுப் புடிச்சிருக்கான்!" என்று வெர்னா கத்தினாள். "இவன் குடும்பமே சரிவுல உருண்டு போக!"

ராய்ஸ் இடது கையால் அவள் முழங்கையைத் தட்டினார். "விடு, வெர்னா. வீடு."

"வீடா? மீன் புடிக்காம வீட்டுக்கு வர மாட்டேன். பேசாம உக்காரு."

மூன்றாவதாக வந்த இடம் ஹாலர்ஸ் பெண்ட். அணைக்குக் கீழே, ஆறு வளைகிற இடத்தில், சின்ன கேம்ப். முன்பதிவு கிடையாது. முதலில் வருகிறவருக்கு இடம். கேம்ப்பைப் பார்த்துக்கொள்ளும் ஓபல் என்ற அம்மாள் கேஸ் வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். வாசல் பலகையில் இரண்டே விஷயம் எழுதியிருந்தது. அணையில் சங்கு ஊதினால் தண்ணீர் திறக்கிறார்கள், உடனே கரையேறுங்கள். வண்டி இல்லாமல் இடம் பிடித்து வைக்கக் கூடாது, காலி நாற்காலி செல்லாது.

கடைசியில் இருந்தது பதினோராம் இடம். தோசைக்கல் மாதிரி மட்டம். நிழலுக்கு ஒரு சிக்கமோர் மரம். கரைவரை கெட்டியான சரளை. ராய்ஸ் தண்ணீரைப் பார்த்தபடி வாயைத் திறந்து சிரித்தார், பக்கவாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

அந்த இடத்தின் நடுவில் ஒரு நாற்காலி.

பழைய அலுமினிய மடக்கு நாற்காலி. பச்சையும் வெள்ளையுமாக நாடா பின்னியது. முதுகில் கறுப்பு மையில் 'பிக்கெட்' என்று பெயர். வண்டி இல்லை, கூடாரம் இல்லை, ஆள் இல்லை.

கேம்ப்புக்குப் போகிறவர்களுக்கு இந்த அயோக்கியத்தனம் நன்றாகத் தெரியும். எவனோ ஒருவன் வியாழக்கிழமையே வந்து நல்ல இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவான். சனிக்கிழமை ராஜா மாதிரி வந்து இறங்குவான். எனக்கே பற்றிக்கொண்டு வரும். வெர்னாவைக் கேட்க வேண்டுமா?

அவள் நாற்காலியைத் தூக்கினாள். அதன் நாடா சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அந்த வாரம் முழுக்க மழையே இல்லை.

பத்தாம் இடத்திலிருந்து மீன்பிடிச் சட்டை போட்ட ஒருவன் எழுந்து வந்தான். "அம்மா, அதைத் தொடாதீங்க. ஓபல் வரட்டும், கேட்டுக்கலாம்."

"உன் நாற்காலியா?"

"இல்லம்மா, ஆனா…"

"அப்ப உன் வேலையைப் பாரு. பலகைல எழுதியிருக்கிறது உன் கண்ணுல படலையா? என் புருஷன் கடைசியா ஒரு மீன் புடிக்க வந்திருக்கான். எவனோ தூங்கி எழுந்து வர்ற வரைக்கும் இவன் அந்தக் குப்பைத்தொட்டி பக்கத்து இடத்துல உக்காரணுமா?"

வெர்னா விறுவிறுவென்று கரைக்குப் போய் நாற்காலியை ஆற்றில் வீசினாள்.

அது கவிழவில்லை. நீரோட்டத்தோடு போகவும் இல்லை. நான்கு காலும் கீழே இருக்க, ஆள் உட்கார்ந்திருக்கிற நாற்காலி போல, நின்ற இடத்திலேயே மெதுவாக உள்ளே இறங்கியது. வெர்னா அதை முழுசாகப் பார்க்கவில்லை. டிரெய்லரைப் பின்னால் எடுக்க ஓடிவிட்டாள். ராய்ஸ் பார்த்தார். கடைசிவரை பார்த்தார்.

அன்று சாயங்காலம் ராய்ஸ் இடது கையால் தூண்டில் போட்டு ஒரு டிரவுட் மீனைப் பிடித்தார். வெர்னா அழுதாள், சிரித்தாள், அந்த மீனுக்கே முத்தம் கொடுத்தாள். மாவில் புரட்டிப் பொரித்து, உள்ளே மேஜைக்குப் பக்கத்துச் சாய்வு பெஞ்சில் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

வெளிச்சம் மங்கும் நேரம்.

டக்… டக்… டக்.

வெர்னா கதவைத் திறந்தாள். உயரமான கிழவர். தொப்பி. மார்புவரை வரும் ரப்பர் கால்சட்டை.

"மன்னிக்கணும் அம்மா. இங்க என் நாற்காலி இருந்துச்சு."

"ஓ, நீங்கதானா அந்த மகராசன்! காலி நாற்காலி போட்டு இடம் புடிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கே, படிக்கத் தெரியாது?"

"காலி இல்லைங்க அம்மா," என்றார் அவர் பணிவாக. "நான் எங்க உக்காரட்டும்?"

"எங்க வேணும்னாலும் போய் உக்காருங்க! எனக்கென்ன வந்துச்சு!"

"எங்க வேணும்னாலுமா?"

"ஆமா, எங்க வேணும்னாலும்! ஆளை விடுங்க!"

அவர் தொப்பியைக் கழற்றினார். அதிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஒரு குவளை அளவு.

"ரொம்ப நன்றி அம்மா. பெரிய மனசு."

அவள் கதவை அறைந்து சாத்தினாள். அப்புறம்தான் ஒன்று உறைத்தது. சரளையில் காலடிச் சத்தமே கேட்கவில்லை.

திரும்பக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள். யாரும் இல்லை. படியில் ஈரமான பூட்ஸ் தடங்கள்.

எல்லாம் உள்ளே வருகிற தடங்கள்.

"எவனோ குடிகாரன்," என்று முணுமுணுத்தபடி திரும்பினாள். பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்த ராய்ஸ் இப்போது ஓரமாக ஒண்டியிருந்தார். சுவரோடு சுவராக.

"ஏன் தள்ளி உக்காந்தே?"

ராய்ஸ் மெதுவாகச் சொன்னார். "இடம். வேணும்ல."

பெஞ்ச் கிறீச்சிட்டது.

அவள் அவரைத் தூக்கிப் படுக்கையில் கிடத்தினாள். கதவைத் தாழ் போட்டாள். கோபம் அடங்காமல் புரண்டு புரண்டு தூங்கிப்போனாள்.

விடியற்காலை சங்கு ஊதியது.

நீளமாக… நிறுத்தாமல்…

வெர்னா வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். பக்கத்தில் ராய்ஸ் இல்லை. சக்கர நாற்காலி கட்டிலோரம் அப்படியே இருந்தது. கதவு திறந்து கிடந்தது.

ஓர் அடி தனியாக நடக்க முடியாத மனிதர்!

வெளியே மூடுபனி. கைக்கெட்டும் தூரம்கூடத் தெரியவில்லை. "ராய்ஸ்! ராய்ஸ்!" தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது. அவள் சத்தத்தை நோக்கி ஓடினாள்.

ஆற்றுக்குள் அந்தப் பச்சை நாற்காலி.

அதில் ராய்ஸ்.

மார்புவரை தண்ணீர். இடது கையில் தூண்டில். முகத்தில் சிரிப்பு.

"எந்திரி, ராய்ஸ்! சங்கு ஊதுது!"

"அவரு… எழுந்து… இடம் குடுத்தாரு."

அவள் இழுத்தாள். வரவில்லை. நாற்காலி விடவில்லை.

தண்ணீர் கழுத்துக்கு வந்தது.

வெர்னா கத்தினாள். கெஞ்சவில்லை, சாமியைக் கூப்பிடவில்லை, கெட்ட வார்த்தையில் திட்டினாள். "விடுடா என் புருஷனை! உன் நாற்காலி எனக்கு எதுக்குடா! நீயே வெச்சுக்க! நீயே கட்டிக்கிட்டு அழு!"

பிடி விட்டது.

இருவரும் சரளையில் போய் விழுந்தார்கள். பத்தாம் இடத்துக்காரன் ஓடி வந்து ராய்ஸைத் தூக்கினான். பின்னாலேயே ஓபல், தன் சின்ன பேட்டரி வண்டியில், இரவு உடையோடு.

"சங்கு ஊதினதும் ஏன் யாரும் வரலை?" என்று வெர்னா அவள்மீது பாய்ந்தாள். "என்ன கேம்ப் நடத்துறீங்க நீங்க?"

ஓபல் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "என்ன சங்கு, கண்ணு? இன்னைக்கு ஊதவே இல்லையே."

பத்தாம் இடத்துக்காரனும் தலையை ஆட்டினான். அவன் கேட்டது வெர்னாவின் கூச்சலை மட்டும்தான்.

பனி விலகியது. ஆறு முழங்கால் ஆழத்தில் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. கரைச் சரளை காய்ந்து கிடந்தது. ராய்ஸின் சட்டை மட்டும் கழுத்துவரை நனைந்திருந்தது. நாற்காலியைக் காணவில்லை.

ஓபல் அவர்களுக்குக் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள். பிக்கெட் என்ற கிழவர் பல வருஷங்களுக்கு முன்பு அதே பதினோராம் இடத்தில்தான் தங்குவாராம். ஒருநாள் விடியலில் சங்கு ஊதியது. எல்லோரும் கரையேறிவிட்டார்கள். அவரும் ஏறிவிட்டார். நாற்காலியை விட்டுவிட்டோமே என்று திரும்ப இறங்கினார். அவ்வளவுதான். உடல் கிடைக்கவே இல்லை. ஆனால் ஒவ்வொரு வசந்தத்திலும் ஒருநாள் காலையில் அந்த நாற்காலி அதே இடத்தில் நிற்கும், ஈரமாக.

"எங்காளுங்க யாரும் அதை இடம் புடிக்கப் போட்டதுன்னு நினைக்கறதில்லை," என்றாள் ஓபல். "பெரியவர் உக்காந்திருக்காருன்னு விட்டுடுவோம். நான் மட்டும் நேத்து இங்க இருந்திருந்தா… சரி, அவர்கிட்ட நீ எதுவும் பேசலையே, கண்ணு? எதுவும் குடுக்கறேன்னு சொல்லலையே?"

"இல்லை," என்றாள் வெர்னா. அவள் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

அன்றே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். மறுநாள் காலை ராய்ஸின் சாய்வு நாற்காலி நனைந்திருந்தது. வெர்னா கூரை ஒழுகுகிறது என்று ஆள் கூப்பிட்டாள். ஒழுகவில்லை. புது நாற்காலி வாங்கினாள். மறுநாள் பழையது காய்ந்திருந்தது, புதியது நனைந்திருந்தது. ராய்ஸ் எதில் உட்கார வேண்டுமோ அது மட்டும்தான் நனையும். சோபா, தோட்டத்து பெஞ்ச், கடைசியில் சக்கர நாற்காலியும். உட்கார வைத்தால் ஓரமாகச் சரிந்து சரிந்து கீழே விழுந்துவிடுவார்.

நான் அந்தச் சாய்வு நாற்காலியைத் தொட்டுப் பார்த்தேன். கோடை வெயிலில் ஜில்லென்று இருந்தது. விரலை முகர்ந்தேன். ஆற்றுப் பாசி.

"எந்திரிய்யா!" என்று வெர்னா என் கண் முன்னாலேயே அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக் கத்தினாள். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. "வேற இடமா கிடைக்கலை உனக்கு? என் நாற்காலில உக்காரு! கத்தினது நான், கோபம் என்மேலதானே? இவன் என்ன பாவம் பண்ணான்?"

தோல் மெத்தை மெதுவாக அமுங்கியது. யாரோ வசதியாகச் சாய்ந்துகொள்வது போல.

அடுத்த வசந்தத்தில் ஓபல் போன் செய்தாள். வெர்னா போனை என் காதருகிலும் பிடித்தாள். ஓபலின் குரலில் சந்தோஷம். "கண்ணு, ஒரு நல்ல செய்தி. இந்த வருஷம் நாற்காலி வரலை. இத்தனை வருஷத்துல இதுதான் முதல் தடவை. பாவம், பெரியவருக்கு வேற எங்கயோ நல்ல இடமா கிடைச்சிருச்சு போலிருக்கு."

வெர்னா போனை வைத்தாள். அடுப்பிலிருந்து சூப்பை இறக்கி எடுத்துக்கொண்டு போனாள். ராய்ஸ் ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்தபடி நின்றிருந்தார், ஒற்றைக் காலில், நடுங்கிக்கொண்டு. அவள் தன் தோளை அவர் கக்கத்துக்கடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு ஒவ்வொரு ஸ்பூனாக ஊட்டினாள். அந்த வீட்டில் இப்போது மூன்று வேளையும் அப்படித்தான், ராய்ஸ் நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறார்.