மைதானத்துக்கு நான்கு மாடி

"நேத்து தப்பு என்னோடது, கேப்டன். மறுபடி ஆட வர்றியா?" என்று லிஃப்ட்டு சார் அண்ணனிடம் கேட்டார். தோளில் பழுதுபார்க்கும் பையோடு எங்கள் வாசலில் நின்றிருந்தார்.

"அம்மா இனிமே வேண்டாம்னு சொல்லிட்டாங்க சார்" என்றேன் நான்.

"உங்களை அப்புறம் கேக்குறேம்மா." என் பக்கம் திரும்பவில்லை. தொடையில் ஒரு விரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். எட்டாவது தட்டலில் அண்ணன் வாய் திறந்தான்.

"பந்து வரல."

"ஆமா. நான் அனுப்பல."

மறுபடி தட்டல்.

"அனுப்பினா வரேன்."

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அம்மா, நனைந்து கிடந்த அவன் ஷூவை எடுத்து வெயிலில் வைத்தாள்.

முந்தின நாள் ஆட்டத்தில், "பந்து வர்ற வரைக்கும் இங்கேயே நில்லு" என்று அண்ணனிடம் சொல்லியிருந்தார். அதற்குள் போன். எங்கோ லிஃப்ட்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். சொன்னதை மறந்து ஓடினார். மழை கொட்டியது, எல்லோரும் ஒதுங்கினார்கள். முப்பத்தொரு வயது அண்ணன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். அழுதவனை நான்தான் இழுத்து வந்தேன்.

லிஃப்ட்டு சார் லிஃப்ட் மெக்கானிக். சனிக்கிழமை மாலைகளில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறார். முன்னேறு, பின்வாங்கு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. மைதானத்தின் குறுக்கே கலர்ப் பொடியால் பட்டை பட்டையாகக் கோடு போட்டு மாடிகளாக்கிவிட்டார். நம் கோல் தரைத்தளம், எதிராளி கோல் மூன்றாவது மாடி. "ரெண்டாவது மாடிக்கு ஏறு, கேப்டன்" என்றால் ஆள் சரியாகப் போய் நிற்கும். எல்லோருமே கேப்டன்தான். விசில் சத்தத்துக்கு ஒருவர் காதைப் பொத்திக்கொண்டதிலிருந்து விசில் பையை விட்டு வெளியே வந்ததில்லை. கிரீஸ் துடைக்கும் மஞ்சள் துணியை உயர்த்தினால் ஆட்டம் நிற்கும்.

வேலிக்கு வெளியே சீண்டுகிறவர்களும் உண்டு. "என்ன சார், இது ஃபுட்பாலா, அடுக்குமாடியா?"

"நீயும் வந்து மூணு மாடி ஏறேன். தொப்பை எந்த மாடியில நிக்குதுன்னு பார்ப்போம்."

அந்த மழைக்குப் பிறகு அவர் சொல்லும் எதற்கும் ஒரு வால் உண்டு. "பந்து வர்ற வரைக்கும் நில்லு. மஞ்சத் துணியைப் பார்த்தா என்கிட்ட வா." சனிக்கிழமை அழைப்புகளை இன்னொரு மெக்கானிக்கிடம் தள்ளிவிட்டார். பதிலுக்கு அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் இவர் தலையில்.

அண்ணனைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தால் அவனே பதில் சொல்வான் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. அவனுக்காக நாங்களே பசித்தோம், நாங்களே தூங்கினோம். இப்போது, "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்டுவிட்டு அம்மா கரண்டியோடு நிற்கிறாள். இன்னொரு கை மேசையில் தட்டிக்கொண்டிருக்கிறது.

எனக்குத்தான் பழக்கம் போகவில்லை. மைதானத்தின் ஓரத்தில் நின்று, ஏறு, இறங்கு, உதை என்று கை காட்டிக்கொண்டே இருப்பேன். வெளி அணியோடு முதல் ஆட்டம். அதற்கு முந்தின நாள், கோல் வலையின் முடிச்சுகளை இறுக்கியபடி லிஃப்ட்டு சார் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார்.

"நாளைக்கு வந்து நில்லுங்கம்மா, வேண்டாங்கல. அவன் உங்களைப் பார்த்தா, நீங்க பந்தைப் பாருங்க."