காலில்லாத தையல் மிஷின்

விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில், புடவைப் பிரிவில் நிற்கிறேன். நிற்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும், வேலை செய்கிறேன் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். உட்கார நாற்காலி போட்டிருக்கிறார்கள், இல்லையென்று சொன்னால் வாய் அழுகிவிடும். ஆனால் அதில் உட்கார்ந்த மறுநிமிஷம் சூப்பர்வைசருக்கு நம் பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும். வீடு திண்டிவனத்தில். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி ஊரும்போதுதான் நான் கண்ணை மூடுவது. அந்தக் கொஞ்சநேரத் தூக்கத்தை வைத்துத்தான் இந்த உடம்பு ஓடிக்கொண்டிருக்கிறது.

என் வீட்டுக்காரர் டெய்லர். பேண்ட் தைப்பதில் திண்டிவனத்தில் அவருக்கு ஒரு பேர் இருந்தது. மயிலத்திலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும் கல்யாண மாப்பிள்ளைகள் தேடிக்கொண்டு வருவார்கள். சர்க்கரைக்குத் தெரியுமா பேரும் புகழும்? செருப்பு கடித்த புண்ணை வெட்கப்பட்டுக்கொண்டு மறைத்தார். கடைசியில் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே பக்கத்துக் கடைக்காரரைப் போனில் கூப்பிட்டு, "என் மிஷின நீயே எடுத்துக்கய்யா, இனிமே எனக்கெதுக்கு" என்று சொல்லிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்கப்புறம் கட்டில்தான். கட்டிலுக்கு எதிரில் சுவர், சுவரில் ஒன்றுமில்லை. அதைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளம்பும் முன் சோறு, தண்ணீர், மாத்திரை, மூத்திரக் குவளை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வரும்போது எல்லாம் வைத்த இடத்தில் இருக்கும், அவரும் அப்படியே இருப்பார். வாக்கர் ஒன்று மூலையில் கிடந்தது. நான் ஒரு பக்கம் தாங்கினால்தான் அதைத் தொடுவார்.

செக்கப்புக்குப் போகிற நாள்தான் எனக்குப் பெரிய பாடு. வீட்டில் லுங்கி கட்டிக்கொண்டு கிடப்பவர், வெளியே போவதென்றால் பேண்ட்தான் போடுவார். பேண்ட் டெய்லர் லுங்கியோடு வீதியில் போனால் மானம் போய்விடுமாம். காலியாகத் தொங்குகிற இடது பக்கத்தை நான் மேலே மடித்து ஊக்கு குத்துவேன். குத்தும்போதெல்லாம் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு தடவை, "இதை வெட்டி மடிச்சுத் தெச்சிட்டா தேவலையே" என்றேன்.

"வெட்டுனா திரும்ப ஒட்ட முடியாது. தெரியுமில்ல உனக்கு?" என்று கத்தினார். துணியைச் சொன்னாரா, காலைச் சொன்னாரா என்று கேட்க எனக்கு அன்றைக்குத் தெம்பில்லை.

செயற்கைக் கால் பற்றிக் கேட்டதற்கு டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். வெட்டின இடம் சரியாக ஆறவில்லை, இப்போதைக்கு வேண்டாமென்றார். இன்னொரு பாதமும் மரத்துப்போய்க்கொண்டிருந்தது. அந்தப் பாதத்தில் எறும்பு கடித்தாலும் அவருக்குத் தெரியாது. அப்புறம் எங்கே மிதிப்பது? மோட்டார் வைத்த மிஷினையும் காலால்தானே அழுத்த வேண்டும்.

கை மிஷின் வாங்கலாம் என்று ஆரம்பித்தது நான்தான். அவர் தைத்துச் சம்பாதிக்க வேண்டும் என்பதற்காக இல்லை. அந்தச் சுவரைப் பார்ப்பதை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். அந்த மனுஷன் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தார், எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"இப்ப வர்ற கை மிஷினெல்லாம் வெறுந்தகரம். சுத்துனா மேசையோட நடக்கும். பழைய இரும்பு மிஷின் கெடச்சா கொண்டா, பாப்போம்" என்றார். கிடைக்காது என்ற தைரியத்தில் சொன்னது அது. எனக்கென்ன, வாய் விட்டுச் சொல்லிவிட்டாரே, அது போதும்.

சாப்பாட்டு நேரத்தில் விழுப்புரம் காயலாங்கடைகளில் தேட ஆரம்பித்தேன். ஒரு கையில் சாப்பாட்டுப் பை. அந்தப் பைக்குக் காது அறுந்து வெகுநாளாயிற்று, அதற்கும் ஒரு ஊக்குதான் குத்தியிருந்தேன். டெய்லர் பெண்டாட்டி பைக்கு ஊக்கு. கடையில் கூட வேலை செய்யும் பெண், என்னோடு சேர்ந்து சாப்பிடுகிறவள், தினம் அதைப் பார்த்துச் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஸ்டேஷன் பக்கத்துக் காயலாங்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கால் வேணுமா, தலை வேணுமாக்கா?"

"என்ன கால்?"

"மிஷின் ஸ்டாண்டு. அதுக்குத்தான் கிராக்கி. பாண்டிச்சேரி ஓட்டலுங்கள்ல கண்ணாடி வெச்சு மேசை பண்றாங்க. காலு வந்தா அன்னிக்கே பூடும். தலைய எவன் சீந்துறான்? எடைக்குப் போட்டுருவோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் காலில்லை, தலை மட்டும் கட்டிலில் கிடக்கிறது. அதையும் யாரும் சீந்தக் காணோம். நான் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் பயந்துபோய் டீ வாங்கிக் கொடுத்தார்.

கொஞ்ச நாள் கழித்து அவரே போன் செய்தார். "மயிலம் பக்கத்துல ஒரு வூடுக்கா. கால நான்தான் எடுத்தேன். தலைய மட்டும் குடுக்கமாட்டேன்னுட்டாங்க, சாமிகிட்ட வெச்சிக்கினு கீறாங்க. நீ போய்க் கேட்டுப் பாரு."

வார லீவு நாளில் கூட்டேரிப்பட்டில் இறங்கி, வேறு பஸ் மாறிப் போனேன். விவசாயக் குடும்பம். வாசல் முழுக்க மல்லாட்டை, வேர்க்கடலைதான், காய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். சாமி மாடத்துக்குக் கீழே, சிவப்புத் துணி போர்த்தி, சந்தனமும் குங்குமமும் அப்பி, தலையில் பூ வைத்து உட்கார்ந்திருந்தது மிஷின். பார்த்தால் கல்யாணப் பெண் தோற்றாள்.

"எங்கம்மா வூட்டு சீரு. வருசா வருசம் ஆயுத பூசைக்குப் பொட்டு வெச்சு, ஒவ்வொரு தொளையிலயும் எண்ண வுட்டுக்கினுதான் வர்றேன். ஒரு வருசம் தப்புனதில்ல" என்றார் அந்த அம்மா.

"தைப்பீங்களா?"

"கழனி வேலைக்கே நேரம் பத்தல, இதுல எங்கம்மா தைக்கறது?"

எதற்குக் கேட்கிறேன் என்பதைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் மல்லாட்டையைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். "உருக்கறதுக்குன்னா தரமாட்டேன். தெக்கிறவருக்குன்னா எடுத்துக்கினு போங்க" என்றார். மிஷினுக்குக் கற்பூரம் காட்டினார். நான் வெற்றிலையில் வைத்துக் கொடுத்த பணத்தை எவ்வளவு என்று பார்க்காமல் வாங்கிக்கொண்டார். தெருமுனை வரைக்கும் வந்து வழியனுப்பினார். மகளைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புகிற முகம் அது.

இரும்பு என்றால் இரும்பு, அப்படி ஒரு கனம். பழைய புடவையில் மூட்டை கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். "இன்னாம்மா அது, அம்மிக்கல்லா?" என்றார் கண்டக்டர். "என் தலையெழுத்து, அதுக்கும் டிக்கெட் போடுங்க" என்றேன். போடாமல் போய்விட்டார்.

வீட்டில் மேசைமேல் இறக்கி வைத்தேன். அவர் ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், திரும்பச் சுவர். நான் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் சுற்றினேன். ஊஹூம். ஊசி பிடிக்கிற தண்டு வார்த்து வைத்தது போல நின்றது. அப்போதுதான் எனக்கு மனசு உடைந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். ஓடாத மிஷினுக்காகவா அழுதேன்? பஸ்ஸுக்காக, நின்ற காலுக்காக, மூத்திரக் குவளைக்காக, எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். அழுது முடித்த பிறகு கோபம் வந்தது. தேங்காய் உடைக்கிற சுத்தியலை எடுத்து வந்தேன், சக்கரத்தில் ஒரு தட்டு தட்டலாம் என்று.

"ஏய்! கைய வெக்காத! வார்ப்பு இரும்பு, விரிசல் வுட்டுப்பூடும்!"

திரும்பிப் பார்த்தால் மனுஷன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். "அந்த வாக்கரத் தள்ளு." தள்ளினேன். தாங்கப் போனவளைக் கையால் விலக்கிவிட்டுத் தானாக எழுந்து, தத்தித் தத்தி மேசைக்கு வந்தார். மிஷின்மேல் குனிந்து மூக்கை வைத்தார். விரலால் ஒரு துளையைத் தேய்த்து முகர்ந்தார்.

"தேங்காண்ண," என்றார். "எந்தப் புண்ணியவதி இதுல தேங்காண்ணய வுட்டது? மிஷின் ஆயில் வுடணும்னு தெரியாது? தேங்காண்ண உள்ள போனா பிசினாக் காயும். அதுக்கு மேல சந்தனம், அதுக்கு மேல திரும்ப எண்ண. வருசக்கணக்கா கோந்து போட்டு ஒட்டி வெச்சிருக்காங்க!"

"பக்தியா வுட்டிருக்காங்க."

"பக்தியா மண்டையில தேச்சிக்கட்டும்! பொட்டு வெச்சு, பூ வெச்சு, மூலையில குந்த வெச்சா எந்த மிஷினும் ஓடாது."

"யாரச் சொல்றீங்க?"

"மிஷினத்தான்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவ்வளவு நீளமாக அவர் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது. திட்டுதான், ஆனாலும் என் காதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு வேலை. கிருஷ்ணாயில் விட்டு ஊற வைக்க வேண்டும் என்றார். ரேஷன் கடையில் இப்போது கிருஷ்ணாயிலுக்கு எங்கே போவது? பக்கத்துத் தெரு டிராக்டர்காரரிடம் ஒரு பாட்டில் டீசல் கேட்டு வாங்கி வந்தேன். துளை துளையாகச் சொட்டு விட்டு, காலையில் மிஷினை வெயிலில் தூக்கி வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன், வந்ததும் உள்ளே தூக்கி வைப்பேன். இடுப்பு போய்விட்டது. வீடெல்லாம் டீசல் நாற்றம், சோற்றில்கூட. ராத்திரியில் அவர் பழைய டூத் பிரஷ்ஷையும் கோணி ஊசியையும் வைத்துக்கொண்டு காய்ந்த சந்தனத்தைத் தோண்டித் தோண்டி எடுத்தார். காலையில் நான் எழும்போது மேசைமேல் மஞ்சள் தூளாகக் குவிந்திருக்கும்.

ஒரு லீவு நாள் மத்தியானம் சக்கரம் இம்மி நகர்ந்தது. நான் "சுத்துங்க, சுத்துங்க" என்றேன். "ஜல்தி பண்ணா பேஜாரு. அதுவா வரணும்" என்று இன்னும் இரண்டு சொட்டு விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். பொழுது சாயும்போது ஒரு முழுச் சுற்று வந்தது. தண்டு இறங்கி ஏறியது. திண்டிவனத்துக் கடையில் கை சுற்றுகிற பிடியும் அடிக்கு ஒரு மரப்பெட்டியும் வாங்கி வரச் சொல்லி, மிஷினைப் பெட்டியில் பொருத்தி, பிடியைச் சக்கரத்தில் மாட்டினார். மிஷின் ஆயில் விட்டார். கிழிந்த துணியில் ஒரு நேர்கோடு தைத்தார். பாம்புக் கோடு மாதிரி வந்தது. இதுவரை இரண்டு கையும் துணிமேல் வைத்துப் பழகியவருக்கு இப்போது இடது கை மட்டும்.

அதோடு நின்றுவிட்டது. அந்தக் கோட்டைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மிஷின்மேல் துணியைப் போர்த்திவிட்டுக் கட்டிலுக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பேண்டைக் கொண்டுவந்து இடுப்பு பிடிக்கச் சொன்னார். "இப்ப முடியாதுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாளும் சுவர், அதற்கு மறுநாளும் சுவர். மயிலத்தில் மூலையில் குந்தியிருந்த மிஷின் எங்கள் வீட்டு மூலையில் குந்திக்கொண்டது. எனக்குத் திட்டக்கூடத் தோன்றவில்லை. முடிந்தவரை இழுத்தாயிற்று, இனிமேல் என்னால் ஆகாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

செக்கப் நாள் நெருங்கியது. அதற்கு முந்தின நாள் காலையில், மறக்காமல் இருக்க, அவருடைய பேண்டையும் ஊக்கையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் தெருவில் திரும்பும்போதே சத்தம் கேட்டது. கடகடவென்று கொஞ்சம், நின்று, மறுபடியும் கடகட. பக்கத்து வீட்டில் ஏதோ ஓடுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். கதவைத் தள்ளினால், மேசைக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தரையெல்லாம் நூல் துணுக்கு.

பேண்டை என்னிடம் நீட்டினார். இடது பக்கம் முட்டிக்குக் கீழே வெட்டி, உள்ளே மடித்து, அடியை மூடித் தைத்திருந்தார். தையல் ஒரே நேர். மாப்பிள்ளைகளுக்குத் தைத்த அதே தையல்.

"அளந்துதான் வெட்டனேன்" என்றார். பிறகு மேசையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். வெட்டி எடுத்த அந்தக் கால் துண்டு. குழாய் மாதிரி இருந்த அதன் ஒரு பக்கத்தை அடைத்து, மறுபக்கம் பட்டை வைத்து, இரண்டு காது போட்டிருந்தார். காதுகளில் இரட்டைத் தையல்.

"உன் சாப்பாட்டுப் பைக்கு ஊக்கு குத்திக்கினு போறியே. பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?" என்று சொல்லிவிட்டு, பேண்டுக்கு வைத்திருந்த ஊக்கை என் உள்ளங்கையில் வைத்தார்.

கை காலைக்கூடக் கழுவாமல் கட்டிலில் போய்ப் படுத்துவிட்டேன். அவர் நூல் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் செக்கப்புக்கு அந்தப் பேண்டோடுதான் வந்தார். வாசலிலிருந்து ஆட்டோ வரைக்கும் வாக்கரில் தானாகவே நடந்தார். அதற்கடுத்த நாள் கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். கூட வேலை செய்கிற பெண் என் பையைத் தடவிப் பார்த்தாள்.

"பை புதுசா இருக்கே. நல்ல துணிக்கா. எங்க வாங்குனீங்க?"

"வாங்கலடி. எங்க வூட்டுக்காரரோட இடது கால்" என்றேன்.

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவள் என்னையே பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. பையைத் திறந்து சோற்றை எடுத்து வைத்தேன்.