நாளைக்குப் படகு ஓடாதாம்

நெடுந்தீவுப் படகில் புதுமுகம் ஏறினால் "ஆரின்ரை வீட்டை போறியள்?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். அதனால்தான் அவரிடம், "தீவிலை மேயிற காட்டுக் குதிரை பார்க்கப் போறன் எண்டு சொல்லுங்கோ" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

போனில் மட்டுமே பழகியவர். வவுனியாவிலிருந்து சனி, ஞாயிறு என்னோடு தங்க வருகிறார். எனக்கு அறுபது வயது.

காலையில் மீன் வாங்க வந்தவள்போல இறங்குதுறையில் நின்றேன்.

படகிலிருந்து பக்கத்து வீட்டு மேரி போன் எடுத்தாள்.

"அக்கா, படகு ஆடுற ஆட்டத்துக்கு உங்கட ஆள் சத்தி எடுக்கிறார். தேசிக்காய் குடுத்திருக்கிறன். பயப்பிடாதேங்கோ."

"என்ரை ஆள் எண்டு ஆர் சொன்னது?"

"அவர்தான். கேட்ட உடனை சொல்லிப்போட்டார்."

இப்போது அவர் என் சாய்மனைக் கதிரையில் தூங்குகிறார். காற்றுக் கடுமையாம், அவர் திரும்பிப் போக நாளைக்குப் படகு ஓடாதாம்.

நான் இரண்டு நாளுக்குத்தான் துணிவு சேர்த்து வைத்திருந்தேன். உங்களிடம் மிச்சமிருந்தால் கொமென்டில் போடுங்கள். படகில் அனுப்ப ஏலாது.