ஸ்டார் போடாத ஒரு அழைப்பு

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அவரை ஸ்டார் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சினிமா ஸ்டார் இல்லை. போனில் கீழ் மூலையில் நட்சத்திரக் குறி போட்ட பட்டன் இருக்குமே, அந்த ஸ்டார். அதை அழுத்தி, முப்பத்தொன்று போட்டு, பீப் என்று இரண்டு தடவை சத்தம் வந்த பிறகு நம்பரை அடித்தால் எதிர்முனையில் எங்கள் நம்பர் தெரியாது. அந்த ஒரு அழைப்புக்கு மட்டும்தான். அடுத்த அழைப்புக்கு மறுபடியும் போட வேண்டும்.

சேர்ந்த புதிதில் நான் அலுத்துக்கொண்டேன், ஒரேயடியாக மறைத்து வைத்துத் தொலைத்தால் என்ன என்று. வைக்க முடியாதாம். நம்பர் தெரியாத அழைப்பைக் கோர்ட்டில் எடுக்க மாட்டார்கள், ஆஸ்பத்திரியிலும் எடுக்க மாட்டார்கள். ஆனால் நாங்கள் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர், வீட்டில் அடி வாங்கிக்கொண்டு வெளியேற வழி தேடும் பெண்கள். அவர்கள் போனில் எங்கள் நம்பர் விழவே கூடாது. புருஷன்காரன் அந்த நம்பருக்குத் திருப்பி அடித்தால் இங்கே "பெண்கள் உதவி அலுவலகம்" என்று எடுப்பார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அக்கா பன்னிரண்டு வருடமாக அந்த நாற்காலியில் இருக்கிறார். முட்டிவலி, மூக்கு நுனியில் கோபம், இரண்டு சாப்பாட்டு டப்பா. இரண்டாவது டப்பா, காலையில் சாப்பிடாமல் ஓடி வருகிற யாருக்காவது. ஒரு தடவைகூட ஸ்டாரை மறந்ததில்லை. டீக்கடைக்கு அடித்தாலும் ஸ்டார். "நம்பர் இல்லாம வந்தாலே நீங்கதான்க்கா. நாலு டீ, ஒண்ணு சர்க்கரை இல்லாம" என்று கடைக்காரர் வைத்துவிடுவார். "பெத்த பொண்ணுகிட்ட ஏம்மா ஒளியற?" என்று மகள் சண்டை போடுவாளாம்.

போன மாதம் எங்களுக்குப் புதுப் போன் வந்தது. அதில் ரீடயல் என்று ஒரு பட்டன். கடைசியாக அடித்த நம்பரை அதுவே மறுபடி அடிக்கும். அதுவரை எங்கள் பழைய போனில் அப்படி ஒன்று வேலை செய்ததே இல்லை.

ஒரு திங்கட்கிழமை. ஒரு தையல்காரிக்கு அக்கா போன் செய்ய வேண்டும். வீட்டிலேயே மெஷின் வைத்துத் தைக்கிற பெண், கூட ஒரு சின்ன மகள். புருஷன் பஸ் டிரைவர், தினமும் மாலையில் அவள் போனை வாங்கிப் பார்க்கிறவன். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர்தான் அவளைப் பற்றி எங்களிடம் சொன்னார். எங்கள் நம்பர்கூட அவளிடம் கிடையாது. காலை பதினொரு மணிக்கு அவன் டியூட்டியில் இருப்பான், அப்போது நாங்கள்தான் அழைப்போம் என்று ஏற்பாடு. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வண்டி வரும், தங்க இடம் கிடைத்துவிட்டது. இதைத்தான் சொல்ல வேண்டும்.

அக்கா ஸ்டார் போட்டு அடித்தார். லைன் பிஸி. ஐந்து நிமிடம் கழித்து, இன்னொரு கையில் யாருடைய மனுவையோ பிடித்துக்கொண்டு, ரீடயலை அழுத்தினார். அந்தப் பாழாய்ப்போன பட்டன் நம்பரை மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தது. ஸ்டாரை விட்டுவிட்டது. பீப் சத்தம் வராமலே மணி அடித்ததும் அக்கா பட்டென்று வைத்தார்.

"தம்பி, ஸ்டார் போகலடா."

நான் வாயைத் திறப்பதற்குள் போன் அலறியது. திரையில் தையல்காரியின் நம்பர். அக்கா எடுத்து, ஒன்றும் பேசாமல் காத்திருந்தார்.

"யாரு? இப்ப இந்த நம்பர்லேருந்து போன் வந்துச்சே?" ஆண் குரல். அவன் அன்று லீவு.

"தையல் மெஷின் சர்வீஸ் சார்" என்றார் அக்கா. குரலில் ஒரு நடுக்கம் இல்லை. "சர்வீஸ் டைம் ஆயிடுச்சு, அதான்."

"அப்படியா? சரி, இப்பவே ஆளை அனுப்புங்க. இல்ல, கடை எங்கன்னு சொல்லுங்க, நானே வர்றேன்."

"ஆள் வந்துட்டே இருக்காருங்க" என்று வைத்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தார்.

நான் கடிதம் டைப் அடிக்கிறவன். தையல் மெஷினில் ஊசி எந்தப் பக்கம் இருக்கும் என்பதே எனக்குச் சந்தேகம். "என்னால முடியாதுக்கா" என்றேன். அக்கா கெஞ்சவில்லை. எலக்ட்ரீஷியன் விட்டுப்போன ஸ்க்ரூடிரைவரையும் கதவுக் கீலுக்குப் போடும் எண்ணெய்க் குப்பியையும் ஒரு பையில் போட்டு நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

தையல்காரியின் வீடு ஒரே அறை, ஒரு ஜன்னல், அதையும் மறைத்து நின்றது துணி மூட்டை. அவன் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றான். அவள் தரையில் உட்கார்ந்து சாக்கட்டியால் துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவேயில்லை. பார்க்கிற ஓட்டையில் எல்லாம் எண்ணெய் விட்டேன். முதுகெல்லாம் வேர்வை. அந்த அறையில் நான் இருந்தது இருபது நிமிடம்தான். அதற்கே எனக்கு மூச்சு முட்டியது.

எழுந்ததும் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். "ஒரு பார்ட் மாத்தணும். வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கம்பெனி வண்டி வரும்."

சாக்கட்டி ஒரு நொடி நின்றது. அவள் புரிந்துகொண்டாள்.

"வரட்டுமே" என்றான் அவன். "அன்னைக்கும் நான் லீவு போட்டுட்டு வீட்லதான் இருப்பேன். இவ போனு இனிமே என்கிட்டதான். வரலைன்னா இந்த நம்பருக்குத்தானே அடிக்கணும்?" என்று அவள் போனைப் பார்த்து எங்கள் நம்பரை ஒவ்வொரு எண்ணாக உரக்கப் படித்தான். ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்வேன்?

திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா திட்டவில்லை, அழவில்லை. "பன்னெண்டு வருஷம்டா" என்று மட்டும் சொன்னார். வியாழக்கிழமை வண்டியை நிறுத்திவிட்டு, பார்ட் கிடைக்கவில்லை என்று அவனுக்கே போன் செய்து சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தடவை வேண்டுமென்றே ஸ்டார் போடாமல்.

மூன்று வாரம் போயிற்று. ஒரு காலையில் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. அக்கா பேசாமல் காதில் வைத்தார். நான் ஸ்பீக்கரை அழுத்தினேன்.

"அக்கா, நான்தான், தையல்காரி. அளவெடுக்க வந்த வீட்ல போனைக் கேட்டு வாங்கிப் பேசறேன்." மூச்சு வாங்கியது. "அவர் அன்னைக்கு நம்பரைப் படிச்சாருல்ல. எனக்கு அளவு கேட்டா மறக்காது."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததேயில்லை.

"நீ எங்க இருக்கன்னு சொல்லும்மா, இப்பவே வண்டி அனுப்பறேன்."

"இப்ப முடியாதுக்கா. பிள்ளை ஸ்கூல்ல இருக்கா. அவரேதான் போய்க் கூட்டிட்டு வர்றாரு. அவளை விட்டுட்டு நான் எங்க வர்றது? அவ என் கையில இருக்கற நேரம் பார்த்து அடிக்கறேன். இந்த நம்பருக்குத் திருப்பி அடிச்சுடாதீங்க. நம்பரை மறைச்சும் வேணாம். நானே அடிக்கறேன்."

வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து அக்கா அந்த லைனில் யாரையும் பேச விடுவதில்லை. சாப்பாடும் மேசையிலேயே. பாத்ரூம் போகும்போது என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் போகிறார். இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. அவளாக அடிக்கும் வரை நாங்கள் யாரும் அவளை அழைக்க முடியாது.