வண்டியை எடுக்க மறுத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை கம்பெனி வாசலில் வாட்ச்மேன்தான் சொன்னார். எங்கள் ஓட்டுநர் ஞானப்பிரகாசம், கள்ளிக்குப்பத்தில் தம் வீட்டிலேயே மாரடைப்பால் காலமாகிவிட்டார். பத்து மணிக்கு மேலாளர் என்னைக் கூப்பிட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்ட இரங்கல் வாசகம் சொன்னார். "அமைதியானவர். சொன்ன வேலையைத் தட்டாதவர்." இரண்டாவது வாக்கியத்தை என்னால் டைப் செய்ய முடியவில்லை. அது பொய்.

எண்பத்தொன்பதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் இந்தக் கம்பெனிக்கு டைப்பிஸ்டாக வந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். யாரிடமும் நிமிர்ந்து பேச வராது. அவர்தான் தினமும் ஜன்னலருகே நின்று, "இன்னா தங்கச்சி, மிஷினாவது உங்கூட பேசுதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

மறு வருஷம் கம்பெனி ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கியது. புதிதாகப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று வந்தது. ஒரே வாரத்தில் பின் சக்கரத்தின் உட்புறம் கியர் ஆயில் கசிய ஆரம்பித்தது. வண்டியை ஓட்டுவதும் அவர்தான், பழுது பார்ப்பதும் அவர்தான். சக்கரத்தைக் கழற்றி, எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலைப் புதிதாகப் போட்டார். நாலு நாளில் மறுபடியும் கசிந்தது. மறுபடியும் மாற்றினார். மறுபடியும் கசிந்தது. தினமும் காலையில் சக்கரத்தடியில் ஒரு செய்தித்தாளை விரித்துவைத்துக் கறையைப் பார்ப்பார். கறை பெரிதாகிக்கொண்டே போனது.

சீலைக் கோணலாக அடிக்கிறார், வேலை தெரியாதவர் என்று மேலாளர் எல்லார் முன்னாலும் சொன்னார். இருபது வருஷம் வண்டிக்கடியில் படுத்தெழுந்த மனிதரை.

ஒருநாள் சக்கர டிரம்மைக் கழற்றியபோது, உள்ளேயிருந்து அதை அழுத்தி நிறுத்தும் பிரேக் ஷூ முழுக்க எண்ணெய். அன்றைக்கே ஆவடிக்கு லோடு போகவேண்டும் என்றார் மேலாளர். ஞானப்பிரகாசம் சாவியை அவர் மேஜையில் வைத்தார். "பிரேக்ல ஆயில் எறங்கிகினு கீது சார், மிதிச்சா புடிக்காது. பள்ளிக்கூடம் வுடற நேரம். நான் எடுக்க மாட்டேன். வோணும்னா நீங்க ஓட்டுங்க, நான் முன்னால ஓடிகினே எல்லாரையும் ஒதுங்கச் சொல்றேன்."

கீழ்ப்படியாமை, கவனக்குறைவு, மூன்று நாள் சஸ்பென்ஷன். அந்த மெமோவை டைப் செய்தது நான். கையெழுத்து வாங்க அவரிடம் கொண்டுபோனதும் நான். நிதானமாகப் படித்துவிட்டுச் சொன்னார்: "நீ அடிச்சதுல ஒரு தப்புகூட இல்ல தங்கச்சி. மேட்டர்தான் தப்பு."

நாலாம் நாள் வந்தவர், கம்பெனி வளாகத்துக்குள்ளேயே வண்டியை அரைமணி நேரம் முன்னும் பின்னுமாக மெல்ல ஓட்டிச் சூடாக்கினார். பிறகு அடியில் படுத்து, பின் அச்சில் ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தினார். புஸ்ஸென்று காற்று வந்தது. அச்சின் மேலே, சூடான காற்று வெளியேறுவதற்கென்று சுண்டுவிரல் நுனியளவு ஒரு குமிழ் உண்டு, பிரீதர் என்பார்கள். விற்பதற்காக அடித்த பெயின்ட் அதை அடைத்திருந்தது. போக வழியில்லாத காற்று எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளியிருக்கிறது. என் ஊக்கு ஒன்றை வாங்கி அந்தத் துளையைக் குத்திச் சுத்தம் செய்தார். "மூச்ச அடைச்சிட்டு, ஒயுகுது ஒயுகுதுன்னு சீலத் திட்டிகினு இருந்தோம்."

புதுச் சீலும் புது ஷூவும் போட்டபின், ஒரு வாரம் கழித்து, கறையே இல்லாத செய்தித்தாளை மேலாளர் மேஜையில் கொண்டுபோய் விரித்தார். அவர் அதைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். மெமோவைத் திரும்பப் பெறவில்லை. அதன் கார்பன் நகல் ஞானப்பிரகாசத்தின் ஃபைலில் இன்றும் இருக்கிறது. நேற்றும் பார்த்தேன். உயிரோடிருந்தபோது கீழ்ப்படியாதவர், இறந்ததும் சொன்னதைத் தட்டாதவரா? இரண்டையும் எழுதச் சொன்னது ஒரே வாய்.

அந்த வரியை விட்டுவிட்டு, "ஓட்டக்கூடாத வண்டியை ஓட்ட மறுத்தவர், அதன் கோளாறைத் தாமே கண்டுபிடித்தவர்" என்று டைப் செய்து கொடுத்தேன். மேலாளர் படித்தார், கையெழுத்துப் போடவில்லை. அறிவிப்புப் பலகை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

புதன்கிழமை அவருடைய சவப்பெட்டியைக் கல்லறைக்கு எடுத்துப்போக அதே பிக்கப்பைத்தான் கம்பெனி அனுப்பியது. மாலைகளோடு வண்டி தெருமுனை திரும்பியபின், அது அவர் வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் நின்றிருந்த இடத்தில் குனிந்து பார்த்தேன். மண்ணில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

உங்கள் வேலை சரியாக இருக்கிறது அண்ணே. போய் வாருங்கள்.