மாட்டுப் பொங்கலும் நாற்பத்தேழாம் நம்பர் குதிரையும்

எழுபதுகளின் தொடக்கத்தில் போலாரத்தில், பட்டாளத்துக் குதிரைப் பிரிவு ஒன்றில் நான் சிவிலியன் ஸ்டோர்கீப்பர். கொள்ளு, தவிடு, புல்லுக்கட்டு, லாடம், வாளி, இவைதான் என் பொறுப்பு. குதிரைக்கு முன்னால் போய் நிற்பதைக் கூடியவரை தவிர்த்து வந்தேன். பின்னால் நிற்பதை அறவே தவிர்த்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியும் பர்மனென்ட் ஆகவில்லை. அம்மா மட்டும் எங்கள் வீடிருந்த அல்வாலில் தெரு முழுக்க, "எங்க பையன் குதிரைப் படையில இருக்கான்" என்று சொல்லிவைத்திருந்தாள்.

அந்த ஜனவரியில் ஷாமீர்பேட்டை ஏரிக்கரையில் இரண்டு வாரம் முகாம். முப்பது குதிரைகளை ஒரே வரிசையாக முளையடித்துக் கட்டியிருந்தார்கள். ஏரி பெரிசு. மறுகரை வெயிலில் சரியாகத் தெரியாது. வந்த அன்று எல்லாரும் ஏரியைப் பற்றிப் பேசினார்கள், மறுநாளிலிருந்து கொசுவைப் பற்றி.

முகாமில் சில சட்டங்கள் உண்டு. முதலில் குதிரை தண்ணீர் குடிக்க வேண்டும், பிறகு தீனி தின்ன வேண்டும், அதற்கப்புறம்தான் மனிதன் தட்டில் கை வைக்கலாம். பெரிய ஆபீசருக்கும் இதே கதைதான். குதிரையைப் பராமரிக்கும் சயீஸைக் கேட்காமல் யாரும் அதற்கு எதையும் தின்னக் கொடுக்கக் கூடாது. சயீஸும் ஹவில்தாரிடம் சொல்லாமல் வரிசையை விட்டு நகரக் கூடாது.

என் கூடாரத்துக்கு எதிரே கட்டியிருந்தது ஒரு வயதான வெள்ளைப் பெண்குதிரை. குளம்பில் நாற்பத்தேழு என்று சூடு போட்டிருக்கும். நான் பயப்படாத ஒரே குதிரை அதுதான். அதைப் பார்த்துக்கொண்ட பாய்க்கு ஐம்பது வயசு இருக்கும். தமிழ்ப் பட்டாளக்காரர்களோடு பழகி அரைகுறைத் தமிழ் பேசுவார். பதினோரு வருஷமாகத் தற்காலிக சயீஸ். இந்த முகாம் முடிந்ததும் ஆபீசர் எழுதும் ரிப்போர்ட் நன்றாக இருந்தால் அவரை நிரந்தரமாக்குவார்கள். குவார்ட்டர்ஸும் பென்ஷனும் வரும். தினமும் என்னிடம் கேட்பார்: "ஆயேகா நா சாப்? பர்மனென்ட் வந்துடும்ல?" "கண்டிப்பா வரும் பாய்" என்பேன், ஏதோ ஆர்டரில் கையெழுத்துப் போடுகிறவன் நான்தான் என்பது போல.

மாட்டுப் பொங்கல் வெள்ளிக்கிழமை வந்தது. அக்கா வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் அம்மா செய்த சர்க்கரைப் பொங்கலை ஒரு பெரிய தூக்கு நிறையக் கொண்டுவந்தார்.

"அத்தை சொல்லி அனுப்பிச்சாங்கப்பா. மாட்டுக்கு ஒரு வாய் குடுத்துட்டு அப்புறம்தான் நீ சாப்பிடணுமாம். குங்குமமும் வெச்சிருக்காங்க."

"மாட்டுக்கு எங்க மாமா போறது?"

"நாலு கால் இருந்தா சரிதான், விடு" என்று சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

கொஞ்ச நேரத்தில் பாய் கை கால் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தார். ஹவில்தார் புல் லாரியோடு வெளியே போயிருந்தார். "சாப், ஜும்மா நமாஸ். இங்கதான், ரோட்டோரம் மசூதி. இவளைக் கொஞ்சம் பார்த்துக்குங்க." தாராளமாக, "போயிட்டு வாங்க பாய்" என்றேன். அனுமதி கொடுக்க நான் யார்? அந்த யோசனையே எனக்கு வரவில்லை.

அவர் போன பிறகு குதிரையின் நெற்றியில் குங்குமம் வைத்தேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, "பொங்கலோ பொங்கல்" என்று மெதுவாகச் சொன்னேன். ஒரு வாய் கொடுத்தேன். வெல்லமும் நெய்யும் ருசித்துவிட்டது போலும், அது தூக்குக்குள்ளேயே மூக்கை விட்டது. ஒரு மிருகம் என்னிடம் அவ்வளவு ஆசையாக வந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு ஒரே சந்தோஷம். எனக்கென்று ஒரு கரண்டி கூட மிச்சம் வைக்காமல் அத்தனையும் கொடுத்தேன்.

பாய் திரும்பி வந்தபோது அது முன்னங்காலால் தரையைக் கிளறிக்கொண்டிருந்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. அப்புறம் தொப்பென்று படுத்துப் புரண்டது. பாய் காலித் தூக்கைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை நனைத்துக் குங்குமத்தை அழுந்தத் துடைத்தார். தூக்கை என் கூடாரத்துக்குள் தள்ளிவிட்டு, முகாமின் குதிரை டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

குதிரைக்கு வாந்தி வராதாம். உள்ளே போனது வயிற்றைக் கடந்துதான் வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் உயிர் போய்விடும். டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். "என்ன தின்னுச்சு?" என்று கேட்டார். "தண்ணி காட்டறதுல கொஞ்சம் லேட் ஆயிடுச்சு சாப்" என்றார் பாய். நான் வாயைத் திறக்கவில்லை. பாய் ஏரிக்கரையில் குதிரையை மேலும் கீழுமாக நடத்திக்கொண்டே இருந்தார், படுக்க விடாமல். முக்கால் மணி நேரம் நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வேலை போய்விடுமோ என்று பயந்தேன். இதை மழுப்பிச் சொல்ல விரும்பவில்லை.

பெரிய ஆபீசர் வந்து பாயை முறைத்தபோது மட்டும் தாங்க முடியவில்லை. முன்னால் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். பொங்கல், குங்குமம், தூக்கு, எதையும் விடவில்லை. "அவர் மேல ஒரு தப்பும் இல்ல சார். அவர் இங்க இல்லவே இல்ல. தொழுகைக்குப் போயிருந்தார்."

ஆபீசர் விழுந்து விழுந்து சிரித்தார். "குதிரைக்குப் பொங்கலா! மெஸ்ஸில் சொன்னால் நம்ப மாட்டார்கள்" என்று டாக்டரின் முதுகில் தட்டினார். சிரித்து முடித்துவிட்டு ஹவில்தாரைக் கூப்பிட்டு, சயீஸ் யாரிடம் சொல்லிவிட்டுப் போனான் என்று கேட்டார். லாரியோடு அப்போதுதான் வந்திறங்கிய ஹவில்தார், தனக்குத் தெரியாது என்றார்.

வெயில் சாயும் நேரத்தில் குதிரை லத்தி போட்டது. அத்தனை பேரும் கை தட்டினார்கள். பாய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் போனேன்.

"கைக்கு போலே சாப்?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "எதுக்குச் சொன்னீங்க?"

"உங்களுக்காகத்தான் பாய்."

"நக்கோ சாப், வேண்டாம்" என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்.

பிறகு டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். எதைத் தின்றிருந்தாலும் அதே குழாய், அதே எண்ணெய்தான் என்றார். தண்ணீர் காட்டியதில் தாமதம் என்பதையெல்லாம் யார் எழுதப்போகிறார்கள்? குதிரைக்குக் காரணமில்லாமலும் வயிற்றுவலி வரும், நூற்றில் தொண்ணூறு தடவை காரணம் தெரியவில்லை என்றுதான் எழுதுவோம் என்றார். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே தள்ளியவனும் நான், பறித்தவனும் நான். குதிரை பாவம், ஒன்றுமே செய்யவில்லை.

கோடை தொடங்கியபோது ஆபீஸிலிருந்து இரண்டு கவர்கள் ஸ்டோருக்கு வந்தன. ஒன்று எனக்கு. பிரித்துப் பார்த்தேன், பர்மனென்ட் ஆர்டர்; சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இன்னொன்று பாய்க்கு. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. கையைத் தோள்துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கி, அப்படியே என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"படிங்க சாப்."

படித்தேன். அனுமதி பெறாமல் ஒரு மணி நேரம் குதிரை வரிசையை விட்டு விலகியிருந்ததால், அவரை நிரந்தரமாக்க இயலாது. அவ்வளவுதான். பொங்கலைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

பாய் அந்தக் காகிதத்தை வாங்கி மடித்து, மறுபடியும் என் கையிலேயே வைத்தார்.

"ஒரு மணி நேரமா? இல்ல சாப், அரை மணிதான்" என்றார். "நீங்க அங்கதான இருந்தீங்க. கொஞ்சம் போய்ச் சொல்லுங்க."